பின்பக்கம் உட்கார்ந்துபோன ஜீப்: கட்டை வைக்கிறதுக்கு முன்னாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

புதுச்சேரியில இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோடு ஒரு நண்பர் கேட்ட கேள்வியில இருந்து வருது. அவர்கிட்ட லிஃப்ட் பண்ணின பழைய ஜீப் ஒண்ணு இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போதே அது உயரமாத்தான் இருந்துச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆனா செம்மண் பாதை, மத்த நாள்ல ஈசிஆர். இப்போ பின்பக்கம் தொங்கிடுச்சு. "பட்டைக்கு அடியில 2 இன்ச் கட்டை வெச்சா முடிஞ்சிடும்னு சொல்றாங்க, வெக்கட்டுமா?"னு கேட்டார். அவரோட ரெண்டு பிள்ளைங்களும் பின் சீட்டுலதான் உட்காருவாங்க. அதனால ஒரு வரியில பதில் சொல்லி விட முடியல.

முதல்ல, யாருக்கு இந்த எபிசோடு? 2010-ல வந்து 2020 வரைக்கும் ஓடின பழைய தார், பொலேரோ, இவங்களுக்குப் பின்பக்கம் பட்டைதான். ஜிப்ஸி, எம்எம் 540 மாதிரி வண்டிகளுக்கு நாலு பக்கமும் பட்டை. 2020 அக்டோபர்ல வந்த புது தாருக்குப் பின்னாடி காயில் ஸ்ப்ரிங். அது வேற கதை.

பட்டைன்னா லீஃப் ஸ்ப்ரிங். நம்ம ஊர்ல அந்தக் காலத்துல வசதியானவங்க வில்வண்டி வெச்சிருப்பாங்க இல்லையா, அந்த "வில்" இதுதான். ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கின எஃகுத் தகடுகள், நடுவுல ஒரு சென்டர் போல்ட், ஆக்ஸிலோட சேர்த்துக் கட்ட யூ போல்ட். பின்னாடி முனையில ஷேக்கிள்னு ஒரு ஊஞ்சல். பட்டை அமுங்கும்போது அதோட நீளம் கூடும், அதுக்கு இடம் கொடுக்கத்தான் அந்த ஊஞ்சல்.

நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. காயில் ஸ்ப்ரிங் வண்டியில சுமையைத் தாங்குறது ஸ்ப்ரிங், ஆக்ஸிலை இடத்துல பிடிச்சு வெக்கிறது தனித்தனி கம்பிகள். பட்டை வண்டியில அந்தக் கம்பிகளே கிடையாது. சுமையைத் தாங்குறதும் பட்டை, ஆக்ஸில் முன்னபின்ன போகாம, பிரேக் அடிக்கும்போது முறுக்கிக்காம பிடிக்கிறதும் அதே பட்டை. அதனால பின்பக்கம் தொங்குறதை அழகுப் பிரச்சினையா மட்டும் பார்க்காதீங்க.

சரி, ஏன் தொங்குது? "பட்டை வீக் ஆயிடுச்சு"னு சொல்றோம். உண்மையில எஃகோட விறைப்பு அவ்வளவு சுலபமா குறையாது. போனது வளைவு. திரும்பத் திரும்ப அளவுக்கு மேல அமுங்கி, வில்லு தன்னோட பழைய வடிவத்துக்குத் திரும்ப முடியாம நின்னுடுது. லிஃப்டுக்காக அதிகமா வளைச்ச பட்டைகள் ஒவ்வொரு பள்ளத்துலயும் இன்னும் அதிக தூரம் வளைஞ்சு நிமிருது. அதுல சுமையையும் ஏத்தினா சீக்கிரம் சோர்ந்துடும்.

சுமைன்னதும் எல்லாரும் பெரிய டயரைக் காட்டுவாங்க. தரையில நிக்கிற நாலு டயரும் பட்டைக்குக் கீழ இருக்கு, வண்டி நிக்கும்போது அதோட எடை பட்டை மேல விழாது. விழுறது பின் கதவுல தொங்குற ஸ்பேர் வீல், இரும்பு பம்பர், மேல் கேரியர், டீசல் கேன். ஒரு கணக்கு பாருங்க. ஸ்பேர் வீல் 30 கிலோ, பின் ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னால தொங்குதுன்னு வெச்சுக்குங்க. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 2.4 மீட்டர். பின் பட்டைக்கு வர்ற சுமை 30 கிலோ இல்ல, ஏறக்குறைய 42 கிலோ. ஏத்தம் மாதிரிதான் இது. பின்னாடி அழுத்தினா முன்னாடி தூக்கும்.

புதுச்சேரிக்குன்னு தனிக் காரணம் ஒண்ணு இருக்கு, உப்புக் காத்து. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் வண்டி நிறுத்துறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. தகடுக்கு நடுவுல ஈரம் தங்கி துரு தின்னும். தகடோட விறைப்பு அதோட தடிமனைப் பொறுத்தது, அதுவும் மூணு மடிப் பெருக்கலா. 8 மில்லிமீட்டர் தகடு துருவுல 7.5 ஆனா, விறைப்பு கிட்டத்தட்ட 18 சதவீதம் போச்சு. துரு அரிச்ச சின்னக் குழிகள்ல இருந்துதான் விரிசலும் ஆரம்பிக்கும்.

இப்போ கட்டைக்கு வருவோம். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல கட்டை வெச்சா உயரம் உடனே வந்துடும். ஆனா சோர்ந்த பட்டை சோர்ந்தபடியே இருக்கும். அதோட, ஆக்ஸில் பட்டையை முறுக்குறதுக்கு நீளமான ஒரு நெம்புகோலையும் நாமளே கொடுத்துடுறோம். ஏத்தத்துல ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும், வேகத்துல பிரேக் அடிக்கும்போதும் பட்டை ஆங்கில "எஸ்" எழுத்து மாதிரி நெளியும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட கிராஸ்ல அடி விழும். ஏற்கெனவே கட்டை இருந்தா அது மேல இன்னொண்ணை அடுக்கவே கூடாது.

நீளமான ஷேக்கிளும் அப்படித்தான். 2 இன்ச் நீளம் கூட்டினா 1 இன்ச் உயரம்தான் கிடைக்கும். டிஃப்ரன்ஷியலோட மூக்கு கோணமும் மாறும்.

இன்னொரு ஆபத்து வெளியில தெரியாது. சில வண்டிகள்ல பின் பிரேக்கோட அழுத்தத்தை, பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்குன்னு பார்த்துக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒண்ணு இருக்கும். பின்பக்கம் தொங்கினா அது வண்டியில லோடு இருக்குன்னு நினைச்சு பின் பிரேக்கைக் கூட்டிடும். மழை ரோட்டுல பின் சக்கரம் பூட்டி வண்டி சுத்தும். ரொம்ப ஏத்தி வெச்சா, லோடே இல்லைன்னு நினைச்சு குறைச்சிடும். எது செஞ்சாலும் முடிவுல அந்த வால்வை செட் பண்ணச் சொல்லிக் கேளுங்க.

அப்போ என்ன செய்யணும்? முதல்ல அளக்கணும். சமதளத்துல நிறுத்தி, காத்து ஒரே அளவா வெச்சு, வீலோட மையத்துல இருந்து மட்கார்டு ஓரம் வரைக்கும் நாலு பக்கமும் டேப் போடுங்க. சாமான் இல்லாம ஒரு தடவை, வழக்கமா ஏத்துற சாமானோட ஒரு தடவை. காலியா இருக்கும்போதே தொங்குதா, லோடு போட்டாத்தான் தொங்குதா? இந்த ரெண்டுக்கும் மருந்து வேற.

ஒரு பக்கம் மட்டும் தொங்கினா பட்டையை மட்டும் சந்தேகப்படாதீங்க. புஷ் தேய்ஞ்சிருக்கலாம், ஷேக்கிள் துரு பிடிச்சு அசையாம நிக்கலாம், ஒரு தகடு உடைஞ்சிருக்கலாம். சென்டர் போல்ட் உடைஞ்சா ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி சாய்ஞ்சு ஓடும். அப்படி இருந்தா அன்னைக்கே வண்டியை ஓரங்கட்டுங்க.

அடுத்தது எடைமேடை. லாரி நிறுத்துற அதே மேடையில பின் சக்கரத்தை மட்டும் ஏத்தி நிறுத்தினா பின் ஆக்ஸில் எடை கிடைச்சிடும். எண்ணைப் பார்த்ததும் பாதி பேர் கேரியரைக் கழட்டிடுவாங்க. செலவே இல்லாத ரிப்பேர் அது.

காலியா இருக்கும்போதே தொங்கினா ரெண்டு வழி. ஒண்ணு, புது செட்டு. இன்னொண்ணு, பழையதை மறுபடி வளைக்கிறது. லாரி பட்டை வேலை பார்க்குற பட்டறைகள்ல வளைச்சுக் கொடுப்பாங்க. அங்க ஒரே கேள்வி கேளுங்க: "சும்மா தட்டி வளைப்பீங்களா, சூடு பண்ணி, எண்ணெயில குளிர வெச்சு, திரும்ப பதம் காட்டுவீங்களா?" பச்சையா தட்டி வளைச்ச பட்டை சீக்கிரமே பழையபடி உட்கார்ந்துடும். கேஸ் டார்ச்சை ஒரு இடத்துல மட்டும் காட்டி வளைச்சா இன்னும் மோசம், அந்த இடத்தோட பதமே போயிடும். பிறகு உடையுறதும் அங்கதான். துரு குழி விழுந்த தகடுக்கு எந்த வைத்தியமும் கிடையாது, மாத்தத்தான் வேணும்.

லோடு போட்டாத்தான் தொங்குதுன்னா, ஒரு தகடு சேர்க்கலாம். ஆனா தடிமனைப் பாருங்க. ஒரே நீளம், அகலத்துல 7 மில்லிமீட்டர் தகடைவிட 8 மில்லிமீட்டர் தகடு கிட்டத்தட்ட 50 சதவீதம் அதிக விறைப்பு. கண்ணை மூடிக்கிட்டு தடியான தகடு போட்டா, காலியா போகும்போது ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் பின் சீட்டுல இருக்கிறவங்க முதுகுத்தண்டுக்கு நேரா போகும்.

எதைச் செஞ்சாலும் ரெண்டு பக்கமும் சேர்த்து செய்யுங்க. யூ போல்ட் புதுசு போடுங்க, ஒரு தடவை இறுக்கி நீண்டது திரும்ப நம்பகமா பிடிக்காது. ரப்பர் புஷ் இருக்கிற போல்டுகளை, வண்டி தன் எடையில தரையில நின்ன பிறகுதான் கடைசியா இறுக்கணும். முதல் 100, 200 கிலோமீட்டர்ல யூ போல்டைத் திரும்பச் செக் பண்ணணும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழ போகாதீங்க, சேசிஸுக்கு ஸ்டாண்டு வெச்சே ஆகணும்.

கடைசியா சட்டம். 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, கம்பெனி குறிப்பிட்ட விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு, மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவை வெச்சு சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல 182ஏ பிரிவு வந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாதம் வரை சிறை, இல்ல ரெண்டுமே. உட்கார்ந்த பட்டையைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவர்றது ரிப்பேர். அதுக்கு மேல ஏத்துறது மாற்றம்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: கட்டை வேண்டாம். டேப், எடைமேடை ரசீது, இந்த ரெண்டும் கையில இருக்கட்டும், அப்புறம் பட்டறைக்குப் போவோம். காசு மிச்சமானா, பட்டை செட்டு புதுசா போடும்போதே உயரத்தையும் கம்பெனி அளவுக்கு இறக்கிடுங்க. செம்மண் பாதையில கொஞ்சம் மெதுவா போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பிள்ளைங்க ஏறி இறங்கவும் சுலபமா இருக்கும்.

அடுத்த எபிசோடுல ஷாக் அப்சார்பர் பத்திப் பேசுவோம். அதுக்குள்ள உங்க வண்டியை நாலு பக்கமும் அளந்து வெச்சுக்குங்க.