வான்வழித் தொலைவும் வழிப்பயணப் பொழுதும்

நிலப்படத்தின் மீது அட்டன் நகரிலிருந்து சென்னைக்கு ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால், இடைத்தொலைவு ஏறத்தாழ 690 கிலோமீட்டர் என்று அறியலாம். நூலுக்கு மலையும் இல்லை, கடலும் இல்லை. வழிச்செல்வோருக்கு இரண்டும் உண்டு.

கட்டுநாயக்காவிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கவல்ல விமானம் ஐம்பது நிமிடத்தில் சென்றடைய வேண்டுமன்றோ என்று மாணாக்கர் கணக்கிடுவர். கால அட்டவணையோ ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை காட்டும். விமானம் தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைய வேண்டும். மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் அதன் வேகம் குறைவு. குறுகிய பயணத்தில் முழுவேகத்திற்கு வாய்க்கும் பொழுது சிறிதே. திருச்சிராப்பள்ளி இன்னும் அண்மையது. ஒரு மணி நேரம் அளவில் அங்கே இறங்கிவிடலாம்.

ஆனால் அட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கிவரவே, புகைவண்டியாயினும் பேருந்தாயினும், ஐந்து மணி நேரம் அளவு வேண்டும். மண்சரிந்த நாளில் அதற்குக் கணக்கே இல்லை. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருத்தலும் வேண்டும். 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. எனினும் அட்டனிலிருந்து யாழ்ப்பாணம் கொழும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட தொலைவாகும்.

முன்னோர் வந்த வழி வேறு. கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மடிந்தோர் பலர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும் இருபுறமும் புகைவண்டியும் இணைந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உடன்பிறந்தாருள் ஒருவர் கோச்சியேறினார். மற்றவர் அட்டன் நிலைய மேடையில் நின்று அழுதார். சென்றவர் இராமேசுவரத்தில் கரையேறினர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினோரும் அவருள் பலர்.

அக்கப்பலும் போர்க்காலத்தில், 1980களில், நின்றது. அதன்பின் மலையகத்தார்க்கு எஞ்சிய வழி பெரும்பாலும் வானம் ஒன்றே. கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகே அந்த ஒரு மணி நேரப் பயணம் தொடங்கும். நாட்கூலி பெறுவோர் அத்தொலைவைக் கிலோமீட்டரால் அளப்பதில்லை. எத்தனை நாட் பெயர் என்று அளக்கிறார்கள். இவ்வளவும் கடந்து திருச்சியில் இறங்கினாலும் குன்னூருக்கு மலையேற மேலும் ஒரு பகற்பொழுது வேண்டும்.

தாய் இறந்த செய்தி கோத்தகிரியிலிருந்து தொலைபேசியில் நொடிப்பொழுதில் வந்துவிடுகிறது. லயத்து வாசலில் உறவினர் கூடிக் காசு சேர்த்து, பிள்ளை கொழும்புக்குப் பேருந்தேறும்போது, அங்கே அடக்கம் முடிந்திருக்கும்.