முதுகுவலிக்குப் பின்னால்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை ஓரளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றார். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆள், கண்ட்ரோல் வால்வைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். மல்டிபிள் மைலோமா என்றதும், "அது டாக்டர் சப்ஜெக்ட் ஆச்சே" என்றார். டாக்டர் சப்ஜெக்ட்தான். ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் முதுகுவலி இல்லாத வீடு எத்தனை இருக்கும் சொல்லுங்க? அதனால் இது நம்ம சப்ஜெக்டும்தான்.

முதலில் நோய் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களைத் தயாரிக்கும் இடம். அங்கே பிளாஸ்மா செல் என்று ஒரு வகை உண்டு. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி புரதத்தைச் செய்வது அதன் வேலை. விதவிதமான கிருமிக்கு விதவிதமான ஆன்டிபாடி. ஒரே ஒரு பிளாஸ்மா செல் கட்டுப்பாடு இழந்து தன்னையே பெருக்கிக்கொண்டு போனால், அத்தனையும் ஒரே மாதிரிப் புரதத்தைக் கொட்டும். ஒரு ஃபாக்டரியில் எல்லா மெஷினும் ஒரே ஒரு நட்டை மட்டும் ராப்பகலாகப் போட்டுத் தள்ளினால் எப்படி இருக்கும்? யாருக்கும் உதவாத நட்டு. குடோன் நிரம்பிவிடும். மற்ற லைன் எல்லாம் நின்றுவிடும். சிவப்பணு குறைந்து சோகை வரும். உபரிப் புரதத்தின் துண்டுகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்பட்டு, எலும்பில் ஓட்டை ஓட்டையாக விழும். கரைந்த சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் ஏறி, தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று வரும். ரத்தப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இதுதான்.

இதில் நோயாளிக்கு முதலில் தெரிவது பெரும்பாலும் முதுகுவலி. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நம்ம பக்கத்தில் முதுகுவலிக்குக் காரணம் ரெடியாக இருக்கும். ஹார்பரில் மூட்டை தூக்கினவர், காசிமேட்டில் ஐஸ் பெட்டி இழுத்தவர், ஃபவுண்டரியில் குனிந்தே நின்றவர், கன்டெய்னர் லாரி ஓட்டினவர், யார் போய்ச் சொன்னாலும், "உங்க வேலை அப்படி" என்று பதில் வரும். அது தொண்ணூற்றொன்பது பேருக்கு உண்மையும்கூட. அதனால்தான் நூறாவது ஆள் மாட்டிக்கொள்கிறார்.

என் அப்பா கிரேன் ஆபரேட்டர். 58 வயதில் இடுப்புக்கு மேல் வலி ஆரம்பித்தது. கிரேன் சீட்டு அதிர்வு என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். ஒரு இடத்தில் பெல்ட் கொடுத்தார்கள், ஒரு இடத்தில் டிராக்ஷன். தெரிந்தவர் ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். உள்ளே முள்ளெலும்பு பொடிந்துகொண்டிருக்கும்போது நீவினால் என்ன ஆகும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. எக்ஸ்-ரேயில் "தேய்மானம்" என்று எழுதினார்கள். களைப்பு என்றதற்குச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பத்து மாதம் இப்படியே போனது. கடைசியில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர், பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "டோட்டல் புரோட்டீன் 10.2, ஆல்புமின் 2.9. மீதி என்ன புரதம்னு யாருமே கேக்கலையா?" என்றார்.

அந்தக் கழித்தல் கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்டிலேயே டோட்டல் புரோட்டீன், ஆல்புமின் இரண்டும் இருக்கும். கழித்தால் வருவது குளோபுலின். வழக்கமாக 2-லிருந்து 3.5 வரை. அப்பாவுக்கு 7.3. குளோபுலின் கூடுவதற்கு டி.பி., நாள்பட்ட லிவர் நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் அடுத்த படி சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸ். ரத்தப் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிப்பது. பலவகைப் புரதம் இருந்தால் வரைபடம் சிறு குன்று மாதிரி பரந்து வரும், ஒரே வகை குவிந்திருந்தால் கோபுரம் மாதிரி குத்திட்டு நிற்கும். சிக்னல் பார்த்துப் பழகின நம்ம ஆட்களுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

எக்ஸ்-ரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பின் கனிமம் 30-லிருந்து 50 சதவீதம் வரை போன பிறகுதான் சாதாரண எக்ஸ்-ரேயில் ஓட்டை தெரியும். படம் சரியாக இருக்கிறது என்பதற்காக எலும்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எம்.ஆர்.ஐ., பெட்-சிடி முன்னாடியே காட்டும். அதேபோல சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை ஆல்புமினைத்தான் பிடிக்கும், இந்தப் புரதத் துண்டுகளை அவ்வளவாகப் பிடிக்காது. 1845-ல் லண்டனில் ஒரு மளிகை வியாபாரியின் சிறுநீரைச் சோதித்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், அதிலிருந்த புரதம் சூடு ஏற ஏறக் கரைந்து, ஆறினால் மறுபடி திரிவதைப் பார்த்தார். சாதாரணப் புரதம் சூட்டில் திரிந்தால் திரிந்ததுதான். அந்தத் துண்டுகளுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

இதை எல்லாம்விட முக்கியமானது வலி மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் போய் "முதுகு வலிக்குது, ரெண்டு மாத்திரை கொடு" என்று வாங்குவது நம்ம ஏரியா வழக்கம். டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் மைலோமா உள்ளவருக்குச் சிறுநீரகத்தை வேகமாகக் கெடுக்கும். ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும் ஃபில்டருக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அது இன்னும் குறைத்துவிடும். அப்பா பத்து மாதம் அதைத்தான் விழுங்கினார். கிரியேட்டினின் 5-க்கு மேல் போய், மூன்று வாரம் டயாலிசிஸ். நல்லவேளை, சிகிச்சை தொடங்கியதும் சிறுநீரகம் ஓரளவு திரும்பி வந்தது. உயரம்தான் வரவில்லை, இரண்டு அங்குலம் குறைந்துவிட்டார். பழைய சட்டை எல்லாம் அவருக்கு ஜிப்பா மாதிரி ஆகிவிட்டது.

நம்ம ஊரில்தான் இந்தத் தாமதம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 2012-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், மைலோமா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பப்படும் முன்பு தங்கள் டாக்டரிடம் மூன்று தடவையோ அதற்கு மேலோ போயிருந்தார்கள். மற்றப் புற்றுகளை எல்லாம்விட இது அதிகம்.

இப்போது சிகிச்சை. 1960-களிலிருந்து மெல்ஃபலான் என்ற மாத்திரையும் ஸ்டீராய்டும் மட்டும்தான் கையில் இருந்தன. கண்டுபிடித்ததிலிருந்து சுமார் மூன்று வருஷம் என்பதுதான் அப்போதைய சராசரி. திருப்பம் ஒரு கெட்ட பெயரெடுத்த மருந்திலிருந்து வந்தது. தாலிடோமைடு, 1957-ல் ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் வாந்திக்குச் சாப்பிட்டு, கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961-ல் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். அதே மருந்தை அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில், வேறு வழியில்லாத 84 மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கேட்டது. 1999-ல் வந்த அந்தக் கட்டுரையின் முதல் பெயர் சீமா சிங்கால், நம்ம நாட்டிலிருந்து போன டாக்டர். அதன் தம்பி மருந்துதான் லெனலிடோமைடு. அமெரிக்காவில் ஒரு காப்சூல் பல நூறு டாலருக்கு விற்றபோது, ஹைதராபாத் கம்பெனிகள் இங்கே அதை ரூபாய்க் கணக்கில் கொடுத்தன. கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதுப் பெண்கள் இந்த இரண்டையும் கர்ப்பத் தடுப்பு இல்லாமல் தொடவே கூடாது.

இன்னொரு மருந்து போர்டெசோமிப், 2003-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. தோலுக்கு அடியில் போடும் ஊசி. இது வேலை செய்யும் விதம் நமக்கு நன்றாகவே புரியும். எந்த செல்லும் பழுதான புரதத்தை அரைத்து வெளியேற்றியாக வேண்டும். அதிகப் புரதம் செய்யும் செல்லுக்குக் கழிவும் அதிகம். இந்த மருந்து அந்தக் கழிவுப் பாதையை அடைத்துவிடும். மழைக்காலத்தில் கால்வாய் அடைத்தால் நம்ம தெரு என்ன ஆகுமோ, அதுதான் அந்த செல்லுக்கும்.

இந்த ஊசி, லெனலிடோமைடு, டெக்ஸாமெதசோன் ஸ்டீராய்டு, மூன்றும் சேர்ந்ததுதான் இன்று பரவலாகத் தரப்படும் முதல் சிகிச்சை. கூடவே ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, அக்கி வராமலிருக்க ஒரு மாத்திரை, எலும்புக்கு சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப். அந்த டிரிப்புக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், தாடை எலும்பு கெடும் ஆபத்து உண்டு. உடம்பு தாங்குகிறவர்களுக்கு அதன்பின் மஜ்ஜை மாற்று. அந்தப் பெயரைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் "யார் கொடுப்பா?" என்று பயப்படுகிறார்கள். யாரும் கொடுக்க வேண்டாம். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே ரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைத்து, அதிக அளவு மெல்ஃபலான் கொடுத்து மஜ்ஜையைச் சுத்தம் செய்தபின் திரும்ப ஏற்றுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரி வாசம். வேலூர் சி.எம்.சி. 1986-லிருந்தே மஜ்ஜை மாற்று செய்துவருகிறது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் நமக்கு இன்னும் பக்கம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை இரண்டையும் முதல் நாளே கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பணம் கட்டிவிட்டு அப்புறம் அலைய வேண்டாம். முழுதாகக் குணமாகும் நோய் என்று சொல்ல மாட்டேன். பலருக்கு இது சர்க்கரை நோய் மாதிரி வருஷக்கணக்கில் மருந்தோடு வாழும் நோயாக ஆகியிருக்கிறது.

அடுத்து, நீங்கள் எல்லோரும் மனசில் வைத்திருக்கும் கேள்வி. "நம்ம ஃபாக்டரிப் புகையாலதான் வருதா?" மணலியில் ரிஃபைனரி, எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி அமோனியா கசிவு. கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் முதுகுவலிக்கு "வேலை" என்பது போல இதற்கு "புகை" என்பதும் ரெடியான பதிலாகிவிடக் கூடாது.

தெரிந்ததைச் சொல்கிறேன். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அதில் சந்தேகமில்லை. ஒருவகை லுகேமியாவுக்கு ஆதாரம் உறுதி. மைலோமாவுக்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-ல் வெளியிட்ட முடிவு. உலக வர்த்தக மையம் இடிந்தபோது வேலை செய்த நியூயார்க் தீயணைப்பு வீரர்களிடம், மைலோமாவுக்கு முந்தைய நிலை எதிர்பார்த்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2018-லேயே வேறொரு ஆய்வு சொன்னது. அவர்களால் எப்படிச் சொல்ல முடிந்தது? யார் எந்த நாளில் எங்கே நின்றார்கள் என்ற பட்டியல் இருந்தது, வருஷா வருஷம் எடுத்த ரத்தமும் இருந்தது.

நம்ம கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் வருஷத்துக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு மைலோமா வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருவொற்றியூரில் சுமார் 2.5 லட்சம் பேர். அப்படியானால் எதிர்பார்க்க வேண்டியது வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர். தற்செயலாகவே ஒரு வருஷம் யாரும் இல்லாமலும், அடுத்த வருஷம் ஐந்து பேராகவும் இருக்கலாம். ப்ராபபிலிட்டி வகுப்பில் பாய்சான் என்று படித்தோமே, அது இதுதான். ஒரு தெருவில் இரண்டு பேருக்கு வந்தது என்பதை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1982-லிருந்து அடையாறில் நடக்கிறது, நாட்டிலேயே பழைய பதிவேடுகளில் ஒன்று. ஆனால் அது அன்றைய மாநகராட்சி எல்லைக்குள். ராயபுரம் உள்ளே, திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி வெளியே. அவை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல். மாநிலம் முழுமைக்குமான பதிவுத் திட்டம் 2012-ல்தான் வந்தது. பழைய அளவே இல்லாத இடத்தில் கூடியதா குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? அதோடு, பதிவேடு பிடிப்பது வீட்டு விலாசத்தை. மணலியில் இருபது வருஷம் கான்ட்ராக்டில் டேங்க் கழுவினவர் விழுப்புரத்துக்குத் திரும்பிப் போய் அங்கே நோயானால், அவர் விழுப்புரத்துக் கணக்கு.

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கப்பல் மோதியபோது, வாளியால் எண்ணெய் அள்ளின பையன்களை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அவர்கள் பெயர், எத்தனை நாள், கையுறை இருந்ததா, இதெல்லாம் ஒரு நோட்டில் இருந்து, இருபது வருஷம் தொடர்ந்து ரத்தம் பார்த்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். கம்பெனிகளில் சேஃப்டி ஆபீசராக இருக்கும் அண்ணன்மார்கள் ஐந்தாறு பேர் இந்த ஹாலிலேயே இருக்கிறீர்கள். கான்ட்ராக்ட் தொழிலாளி எந்த யூனிட்டில் எத்தனை நாள் நின்றார் என்ற ரெஜிஸ்டரைக் கான்ட்ராக்ட் முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் மைலோமா டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது வயது கடந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு முந்தைய நிலை இருக்கும் என்பது அமெரிக்கக் கணக்கு. அதில் வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் நோயாக மாறும். மீதிப்பேர் வீணாகப் பயந்துகொண்டிருப்பார்கள். எல்லோரையும் சோதிப்பதால் லாபமா என்று ஐஸ்லாந்தில் 2016-லிருந்து 80,000 பேரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்பது அதைவிடச் சின்னது. நம்ம சங்கம் வருஷா வருஷம் நடத்தும் மருத்துவ முகாமில் சுகரும் பி.பி.யும் மட்டும் பார்க்கிறோம். 45 வயதுக்கு மேல், ஒரு மாதத்துக்கு மேல் முதுகுவலியோ விலாவலியோ இருக்கிறவர்களுக்கு மட்டும் ஹீமோகுளோபின், இ.எஸ்.ஆர்., கிரியேட்டினின், கால்சியம், டோட்டல் புரோட்டீன், ஆல்புமின், இந்த ஆறையும் சேர்க்கலாம். சந்தேகமாக இருப்பவர்களை ஸ்டான்லிக்கு எழுதி அனுப்பலாம். என்ன செலவாகும் என்று இரண்டு லேபில் விசாரித்து, எழுத்து மூலமாகச் செயலாளர் அண்ணனிடம் இன்று காலையே கொடுத்துவிட்டேன். முதல் வருஷச் செலவை எங்கள் 2011 செட் ஏற்றுக்கொள்கிறது. ரிப்போர்ட்டுகளை உட்கார்ந்து பதிவு செய்ய மூன்றாம் வருஷத் தம்பி தங்கைகளில் நாலு பேர் வேண்டும். டீ இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள்.