விளங்கியதா என்னும் வினா

பாடம் முடியும் வேளையில் ஆசிரியர் வகுப்பை நோக்கி, “விளங்கியதா?” என்று வினவுவது இலங்கைப் பாடசாலைகளில் நெடுநாளைய வழக்கம். “விளங்கியது” என்று முப்பது குரல்கள் ஒருமித்து எழும். அவற்றின் நடுவே, மூன்றாம் வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை வாய் திறவாது தலையை மட்டும் அசைக்கும். ஆசிரியர் கேட்டது யாதென அதற்குத் தெரியாது. பக்கத்திலிருப்போர் அசைத்தனர்; தானும் அசைத்தது. செவிப்புலன் குறைந்த பிள்ளைகள் இவ்வித்தையை மிக இளமையிலேயே கற்றுக்கொள்கின்றனர். இப்படித் தலையசைத்தே வகுப்பேறிச் சில ஆண்டுகள் சென்றபின், “இப்பிள்ளைக்குப் படிப்பு ஏறாது” என்ற தீர்ப்பு விழுகின்றது. ஆசிரியரின் சொல் அப்பிள்ளையை ஒருநாளேனும் எட்டியதா என்று ஆராய்ந்தவர் எவருமிலர்.

இத்தகைய பிள்ளைகளின் கல்வி இந்நாட்டிற்குப் புதியதன்று. மேரி சப்மன் என்னும் அம்மையார் தொடக்கிய இரத்மலானைப் பாடசாலை 1912 ஆம் ஆண்டினது. வடக்கே கைதடியில் நவீல்ட் பாடசாலை தொண்டாற்றி வருகின்றது. ஆயினும் இன்று இவர்களுட் பலர் தத்தம் ஊர்ப் பாடசாலைகளில் ஏனையோருடன் ஒரே வாங்கில் அமர்ந்தே கற்கின்றனர். கல்வி நிலையங்களில் அனுமதி வழங்கும்போது இவர்களுக்குப் பாரபட்சம் காட்டலாகாது என 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. இவர்தம் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. வாசலைத் திறப்பதற்குச் சட்டம் உண்டு. உள்ளே வந்த பிள்ளையோடு பேசுவது எவ்வாறு என்பதைச் சட்டம் சொல்லித் தராது.

உதட்டசைவைப் பார்த்தே பேச்சை அறிய முயலும் பிள்ளையின் நிலையை முதலிற் கருதலாம். கண்ணாடி முன் நின்று, குரலெழுப்பாது, ‘பாடு’ என்றும் ‘மாடு’ என்றும் சொல்லிப் பார்த்தால் இரண்டுக்கும் உதடுகள் ஒரே வண்ணம் கூடிப் பிரிவதைக் காணலாம். மகரத்தின்போது மூக்கின் வழியே செல்லும் ஒலியைக் கண் எங்ஙனம் காணும்? ககரமோ நாவின் அடியிற் பிறப்பது. வெளியில் அதன் சாயலே தோன்றாது. ஆகவே ‘கடை’ எது, ‘அடை’ எது என்பதும் மயக்கமே. எஞ்சியதைப் பிள்ளை வாக்கியத்தின் போக்கிலிருந்து ஊகித்துக்கொள்கின்றது. இவ்வளவு பாடுபட்டு வாசிக்கவேண்டிய முகத்தை ஆசிரியர் கரும்பலகைக்குத் திருப்பிவிட்டுப் பேசினால் அந்நேரத்துப் பாடம் முழுவதும் வெண்கட்டித் தூளோடு போயிற்று. சன்னலுக்கு முதுகு காட்டி நின்றாலும் அப்படித்தான். வெளிச்சம் பின்னால் நிற்க, முகம் இருண்டு போகின்றது. எழுதுவதை எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசுவதற்குப் பணச்செலவு ஒன்றுமில்லை.

உரத்துக் கத்துவது உதவாது. கத்தும்போது உதடுகள் கோணுகின்றன. காதிற் கருவி அணிந்த பிள்ளைக்கோ ஆசிரியரின் குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் வாங்கு இழுபடும் ஓசையும் சேர்ந்தே பெருகுகின்றன. அளவான குரலிற் சொல்லி, விளங்காதவிடத்து அதே வாக்கியத்தை வேறு சொற்களால் அமைத்துச் சொல்வதே பயனுடையது. பின்வாங்கிலிருந்து ஒருவன் விடை கூறினால் அதை ஆசிரியர் தம் வாயால் மீட்டும் சொல்லுதல் வேண்டும். இனிச் சொல்வதெழுதல் என்னும் பயிற்சி: எழுதுவதற்காகப் பிள்ளை கொப்பியை நோக்கிக் குனிந்த கணமே ஆசிரியரின் உதடு மறைந்துபோகின்றது. அதில் வாங்கிய குறைந்த புள்ளியை அறிவின் அளவாகக் கொள்வது நீதியாகாது.

கையாற் பேசும் பிள்ளையைக் கையைக் கட்டு என்பாரும் உண்டு. இது பழைய நோய். 1880 இல் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சினாலேயே கற்பிக்கவேண்டுமெனத் தீர்மானித்தது. பல நாடுகளின் வகுப்பறைகளிற் சைகைமொழி பல பதிற்றாண்டுகள் ஒதுக்கப்பட்டது. சைகைமொழியும் தனக்கெனக் கட்டமைப்புடைய மொழியே என்பதை 1960 இல் அமெரிக்கரான வில்லியம் ஸ்டோக்கோ எடுத்துக்காட்டினார். மிலான் தீர்மானங்களின் தீமைக்காக அம்மாநாட்டின் வழிவந்த பேரவை வருத்தம் தெரிவித்தது 2010 இலேதான், வன்கூவர் நகரில். நூற்று முப்பது ஆண்டுகள்! எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கைகள் இடையிற் கட்டுண்டு கிடந்தன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

விழிப்புலனற்ற பிள்ளையின் வகுப்பில் இடர் வேறு. அ, இ, உ ஆகியன சுட்டெழுத்துக்கள் என்று தமிழாசிரியர் கற்பிக்கின்றார். அடுத்த பாடவேளையிற் கணித ஆசிரியர் வந்து, “இதை இதனுடன் கூட்டி அதிலிருந்து கழியுங்கள்” என்று விரலாற் சுட்டிச் சொல்கின்றார். சுட்டும் விரலைக் காணாதவனுக்குச் சுட்டுச்சொல்லாற் பயனென்ன? “இருபத்தைந்துடன் பதினேழைக் கூட்டி, எட்டைக் கழியுங்கள்” என்றாற் போதும். அது மற்றப் பிள்ளைகளுக்கும் தெளிவாகவே இருக்கும்.

எழுத்திலும் இவ்வாறே. லூயி பிறெயில் 1829 இல் வெளியிட்ட ஆறு புள்ளி முறை தமிழுக்கும் இசைவாக்கப்பட்டுள்ளது. அதில் ‘கொ’ என்பதற்கு முன்னே ஒரு கொம்பும் பின்னே ஓர் அரவும் இல்லை. ககரத்தை அடுத்து ஒகரத்தின் புள்ளிகள் வரும், அவ்வளவே. “கொம்பை விட்டுவிட்டாய்” என்று அம்மாணவனைக் கடிந்தால், தான் விட்டது எதுவென அவன் அறியான்.

பேச்சுத் திக்கும் பிள்ளைக்கும், தசைகள் இசையாது ஒவ்வொரு சொல்லையும் முயன்று உருவாக்கும் பிள்ளைக்கும் வேண்டுவது காலம். வினாவைக் கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடியே விடைக்குக் காத்திருக்கின்றனர் என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் றோ 1970களில் ஆராய்ந்து கண்டார். அது மூன்று விநாடியாக நீண்டபோது எல்லா மாணவரின் விடைகளும் நீண்டன, செறிந்தன. திக்கும் பிள்ளைக்கு மூன்று விநாடியும் போதாமலிருக்கலாம். இரக்கத்தினால் அதன் வாக்கியத்தை ஆசிரியர் தாமே முடித்துவைப்பதுண்டு. அது இரக்கமாகத் தோன்றினும் பிள்ளையின் வாயிலிருந்து சொல்லைப் பறிப்பதேயாம்.

“விளங்கியதா?” என்பதை விட்டு, “என்ன விளங்கியது, சொல் பார்ப்போம்” என்று ஆசிரியர் கேட்கலாம். சொல்ல இயலாத பிள்ளை எழுதலாம், வரையலாம், அட்டையிலுள்ள படத்தைத் தொட்டுக் காட்டலாம்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தவணையின் முதல் நாளில் ஆசிரியரைக் கண்டு, எந்தக் காது சற்றுக் கேட்கும், எவ்வளவு தூரத்து எழுத்துத் தெரியும், வீட்டில் எந்தச் சைகையால் தண்ணீர் கேட்கும் என்பவற்றைத் தாய் சொல்லிவைக்கலாம். அப்போது பிள்ளையும் அருகில் நிற்கும். “இவனுக்கு எழுத வருமா?” என்று தாயிடம் கேட்பதற்கு முன், ஆசிரியர் சற்றுக் குனிந்து, முகத்துக்கு நேரே நின்று, “தம்பி, உனக்கு எங்கே இருக்க விருப்பம்?” என்று அவனிடமே கேட்டு, அவன் காட்டும் வாங்கில் அவனை இருத்தலாம்.