காகம் ஊட்டும் குஞ்சு



கத்திரி வெயில் காலத்தில் பறவை பார்க்க வேண்டுமானால் விடியற்காலைதான் நேரம். சென்ற சனிக்கிழமை நாங்கள் சிலர் சென்னை சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவுக்குப் போனோம். குளிர்காலத்து விருந்தாளிகள் வடக்கே திரும்பிவிட்டன. இருப்பவை நம் ஊர்ப் பறவைகள்தாம். நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. கரையோரம் ஒரு மடையான். குருட்டுக் கொக்கு என்போமே, அதுதான். அதற்குக் கண் நன்றாகவே தெரியும்! ஆள் கிட்டே வரும்வரை அசையாமல் நிற்பதால் வந்த பெயர். இந்தக் கோடையில் முதுகில் அரக்குச் சிவப்புப் போர்வை போட்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் காலத்து உடை அது.

எங்களோடு வந்த ஒருவருக்கு ஏப்ரலில் வேலை போய்விட்டது. ஜூனில் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். (அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.) பைனாகுலரை வாங்கி மரத்தைப் பார்த்தவர், "ஃபாதர், அந்தக் காக்கா யாருக்கு ஊட்டுது பாருங்க" என்றார். வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது ஒரு குயில் குஞ்சு. காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுவது நாம் அறிந்ததே. காகமோ கால்மணி நேரத்தில் ஐந்து முறை பறந்து போய் இரை கொண்டுவந்தது.

மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் வானத்துப் பறவைகள் என்று பொதுவாகச் சொல்கிறார். லூக்கா 12-ஆம் அதிகாரத்திலோ காகத்தைப் பெயர் சொல்லியே காட்டுகிறார். லேவியர் நூல் 11-ஆம் அதிகாரம் உண்ணத்தகாதவை என்று ஒதுக்கிய பறவைகளில் காகமும் ஒன்று. அதைத்தான் தந்தையாம் கடவுள் ஊட்டுகிறார் என்கிறார் இயேசு. கெரீத்து ஓடையருகே ஒளிந்திருந்த எலியாவுக்குக் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் சுமந்து வந்ததும் காகங்களே. இறைவனிடம் உண்கிற பறவையே இன்னொருவருக்கு ஊட்டவும் செய்கிறது.

சம்பளம் வாங்குகிறவர், வேலை இழந்தவரிடம் போய்க் கவலைப்படாதே என்றால் அவருக்கு எரிச்சல்தான் வரும். ஆண்டவர் அதை வயிறு நிறைந்தவர்களிடம் மட்டும் சொல்லவில்லை. அன்றாட உணவுக்காக மன்றாடக் கற்றுக்கொண்ட சீடர்களிடமே சொன்னார். அந்த உணவு பெரும்பாலும் ஒருவர் கையால்தான் வந்து சேர்கிறது. அந்தக் கை வரத் தாமதித்தால், கவலைப்படுகிறவரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

எலியாவின் ஓடையும் பிறகு வற்றியது. அப்போது கடவுள் அவரைச் சாரிபாத்துக்கு, ஒரு ஏழைக் கைம்பெண்ணின் வீட்டுக்கு அனுப்பினார். அவளிடம் இருந்ததோ ஒரு கைப்பிடி மாவுதான்.

நம் நண்பரின் பிள்ளைகளுக்கான கட்டணத்தில் ஒரு பகுதியை வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏற்றுக்கொண்டார்கள். மீதியை அவர் தாமே எப்படியோ பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அந்த 'எப்படியோ'வை நாம் அப்படியே விட்டுவிட முடியாது. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். கேட்கக் கூச்சப்படுவார்கள். பள்ளி திறக்குமுன், இந்த வாரமே, ஒருமுறை அங்கே போய் வாருங்கள்.