'பிஹோல்ட்' என்னும் பழஞ்சொல்

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பெருவழியில், கித்துல்கலவைக் கடந்து மேலே சென்றால் கினிகத்தேனை வரும். மழையும் மூடுபனியும் மிகுந்த ஊர். பனி சற்று விலகும் வேளையில், பஸ் வண்டியில் இருப்போர் கீழே தோன்றும் பள்ளத்தாக்கைப் பார்க்கின்றனர். அடுத்த வளைவில் அதை மறக்கின்றனர். ஒருவர் இறங்கி நின்று, பேச்சொழிந்து, கண்ணை எடுக்காது அதனையே நோக்குவாராயின், அச்செயலுக்கு ஆங்கிலத்தில் ஒரு பழஞ்சொல் உண்டு. அதுவே 'பிஹோல்ட்'.

மாணவர் குறிப்பேட்டில் இதன் பொருள் 'பார்' என்பதோடு முடிந்துவிடுகிறது. பிழையன்று, ஆயின் பாதிப் பொருளே அது. இச்சொல்லின் உள்ளே 'ஹோல்ட்', அதாவது 'பற்று' என்னும் வினை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதற்குப் பற்றியிருத்தல் என்ற பொருளும் இருந்தது. இதற்கு உறவான ஜெர்மானியச் சொல் இன்றும் 'வைத்துக்கொள்' என்றே பொருள்படும். ஆங்கிலத்திலோ கையின் தொழில் கண்ணுக்கு மாறிற்று. இதன் கிளையாகிய 'பிஹோல்டன்' என்பதற்கு நன்றிக்கடன் பட்டவன் என்பது பொருள். பற்றியவன் பற்றப்பட்டவனாகிறான் போலும்!

அன்றாடப் பேச்சில் இச்சொல் வழங்குவதில்லை. கடைத்தெருவில் நண்பனைக் கண்டதற்கு இதனை ஆண்டால் கேட்போர் நகைப்பர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் இது ஏவலாகப் பன்முறை வரும். அவ்விடங்களில் தமிழ் விவிலியம் 'இதோ' என்கிறது. நம் 'காண்' என்ற வினையும் பழைய உரைநடையில் வாக்கிய இறுதியில் வெறும் அசையாய் நின்றதுண்டு.

வேர்ட்ஸ்வர்த் 1807இல் வெளியிட்ட 'தனித்த அறுவடைக்காரி' என்ற கவிதையின் முதற்சொல்லும் இதுவே. வியப்பு யாதெனில், அக்கவிதைக்கு வித்திட்டது தாமஸ் வில்கின்சன் என்ற நண்பரின் கைப்பிரதியில் இருந்த ஒரு வாக்கியம். நண்பர் கண்டதைக் கவிஞர் விடாது பற்றிக்கொண்டார்.

வயலில் தனியே உழைக்கும் பெண்ணொருத்தியை நமக்குக் காட்டவே அச்சொல் அங்கே வருகிறது. கினிகத்தேனை மாணவிக்கு இதனை விளக்க ஸ்கொத்லாந்து வரை செல்ல வேண்டுவதில்லை. எதிர்மலையில் கூடை சுமந்து கொழுந்து பறிப்பவள் அவளுடைய தாயாகவே இருக்கலாம். அவளைப் பஸ் வண்டிகளில் செல்வோர் நாள்தோறும் பார்க்கின்றனர், படமும் பிடிக்கின்றனர். ஆகவே அம்முதற்சொல்லை 'பார்' என்று பெயர்த்தல் போதாது. 'நின்று காண்' எனலாம். ஒரு சொல்லுக்கு இரு சொல்லாகிறதே என்று ஆசிரியர் சிலர் குறைகூறக்கூடும், கூறட்டும்.