வாங்கியவர் சொல்லும் விற்பவர் சொல்லும்



மரம் சீவும் வேலையில் புதிதாகச் சேருகிற ஒருவர் கத்தி வாங்க நினைத்தால் என்ன செய்வார்? விளம்பரத்தைத் தேடிப் போகமாட்டார். பக்கத்து நிரையில் பத்து ஆண்டுகளாக மரம் சீவுகிறவரிடம் கேட்பார். எந்தக் கத்தி சீக்கிரம் மழுங்கும், எது கைக்கு அடக்கமாக இருக்கும், எது மரத்தைக் காயப்படுத்தாது என்று அவர் விவரமாகச் சொல்வார். அதைக் கேட்டுத்தான் புதியவர் காசைக் கொடுப்பார்.

இவ்வளவு நிதானமாகக் கத்தி வாங்குகிற நாம், சம்பள நாளன்று ஜாசினுக்கோ அலோர் காஜாவுக்கோ போய், ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்குகிற சலவை இயந்திரத்தைக் கால் மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கேட்டது யாரை? விற்றவரை மட்டுமே. பொருளைப் பயன்படுத்தியவர்களின் கருத்தை எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் அதை நம்பக் கூடாது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலாவதாக, ஒருவர் ஒரு பொருளைப் புகழ்ந்தால் அவர் யார் என்று பார்க்க வேண்டும். இதற்கு நம் மலாயாவின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1930களில் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் பணியாற்றினார். அந்தக் காலத்தில் பால் நிறுவனங்கள் சில பெண்களுக்குத் தாதியர் உடை அணிவித்து, பிள்ளை பெற்ற தாய்மார்களின் வீடுகளுக்கு அனுப்பி வந்தன. தாய்ப்பாலைவிட டின்னில் அடைத்த இனிப்புக் கெட்டிப்பால் உயர்ந்தது என்று அவர்கள் சொன்னார்கள். வெள்ளை உடையைக் கண்ட தாய்மார்கள் அதை மருத்துவ ஆலோசனை என்றே நம்பினார்கள். அந்தப் பாலில் சர்க்கரைதான் மிகுதி. குழந்தைக்கு வேண்டிய சத்து இல்லை. எத்தனையோ குழந்தைகள் நோயுற்று மடிந்தன. 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். இப்படிப்பட்ட பிரசாரத்தால் நேரும் மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அவர் துணிந்து கூறினார். குழந்தை உணவை விளம்பரப்படுத்துவதற்கு உலகச் சுகாதார நிறுவனம் அனைத்துலக நெறிமுறை வகுத்தது 1981ஆம் ஆண்டில்தான். இடையில் 42 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த வெள்ளை உடை இன்று வேறு வடிவங்களில் வருகிறது. சில சமயம் நம் பக்கத்து வீட்டு அக்காள் உருவத்திலேயே வருகிறது. "இந்தச் சத்து மாவைக் குடித்தேன், முட்டிவலி பறந்துவிட்டது" என்று அக்காள் சொல்லும்போது, மரியாதை குறையாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அக்கா, நான் இதை வாங்கினால் உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?" கிடைக்கும் என்றால் அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் விற்பவர். அவருடைய சொல்லை விற்பவர் சொல்லாகவே எடை போட வேண்டும். கைத்தொலைபேசியில் பொருள் வாங்கும்போது காணும் நட்சத்திரங்களுக்கும் இது பொருந்தும். அன்பளிப்புக்காகப் போட்ட நட்சத்திரமும் அங்கே மின்னும்.

வீடு தேடி வந்து விற்பவர்களைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. 300 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளாக இருந்தால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகும், 10 வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் அதை ரத்துச் செய்ய வாங்கியவருக்கு உரிமை உண்டு. "கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன செய்வது?" என்று கண்ணைக் கசக்க வேண்டியதில்லை. அந்தப் பத்து நாளில் நாலு பேரைக் கேளுங்கள்.

இரண்டாவதாக, எப்படிக் கேட்பது? "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதனால் பயனில்லை. நான்கு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி எத்தனை நாளாயிற்று? வீட்டில் எத்தனை பேருக்குப் பயன்படுத்துகிறீர்கள்? எது முதலில் பழுதானது, யார் சரி செய்தார்கள்? இன்னொரு முறை வாங்குவதென்றால் இதையே வாங்குவீர்களா?

ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். நேற்று வாங்கியவர் புகழ்வது அதன் நிறத்தை. இரண்டு வருடம் பயன்படுத்தியவர்தான் உள்பாத்திரத்தின் பூச்சு உரிந்ததையும், மாற்றுப் பாத்திரம் கடையில் கிடைக்காததையும் சொல்வார். மூன்று பேர் உள்ள குடும்பத்துக்குப் போதுமான குக்கர் எட்டுப் பேர் உள்ள வீட்டுக்குப் போதாது. தண்ணீர் மெதுவாக வரும் வீட்டில் தானியங்கிச் சலவை இயந்திரம் நிரம்பவே நெடுநேரம் ஆகும். ஆகவே, நம்மைப் போன்ற வீட்டில், நம்மைப் போலப் பயன்படுத்துகிறவர் கருத்தே நமக்கு ஏற்ற கருத்து.

விலையையும் இப்படியே கேட்க வேண்டும். "மாதம் 45 வெள்ளிதான்" என்று சொன்னால், "எத்தனை மாதம்?" என்று கேளுங்கள். 24 மாதம் என்றால் மொத்தம் 1,080 வெள்ளி. அதே பொருள் ரொக்கத்துக்கு 750 வெள்ளி என்றால், தவணைக்காக நாம் கொடுப்பது 330 வெள்ளி. உங்கள் வீட்டில் நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கை அதனிடமே கொடுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று, குடும்பக் காசும் தப்பியது.

பிள்ளை என்றதும் புத்தகம் நினைவுக்கு வருகிறது. பெற்றோர்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பயிற்சி நூல்கள் வாங்கித் தருகிறார்கள். ஓர் ஆசிரியனாகச் சொல்கிறேன்: நூலின் கனத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஆறாம் ஆண்டுக்குரிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தப் பெயரைத் தாங்கிய பழைய நூல் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், அதில் இப்போதைய பாடத்திட்டத்தில் இல்லாத பகுதிகளும் இருக்கலாம். வாங்குமுன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சென்ற ஆண்டு அந்த வகுப்பில் படித்த பிள்ளையையும் கேளுங்கள். எத்தனை பக்கம் செய்தாய், எங்கே புரியவில்லை என்று கேட்டால், பிள்ளை ஒளிக்காமல் சொல்லிவிடும். முதல் பத்துப் பக்கத்தோடு நின்றுபோன நூல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நமக்கு உதவாது. கதைப் புத்தகமோ கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்திருக்கும். அந்தக் கிழிந்த அட்டையே பிள்ளைகள் கொடுத்த நற்சான்று.

மூன்றாவதாக, பயன்படுத்தியவர் கருத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற குணத்தைப் பற்றித்தான் அனுபவம் பேச முடியும். "என் பிள்ளைக்கு அந்தப் பாலைத்தான் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லையே!" என்று அன்று சொன்ன தாய்மாரும் இருந்திருப்பார்கள். இன்று முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்பைப் பற்றிப் பேசுகிறவரும் அப்படித்தான். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து அறிவித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைக் கண்ணாடி காட்டாது.

இத்தகைய பொருள்களுக்கு அண்டை வீட்டார் சொல் போதாது. எழுத்தைப் பார்க்க வேண்டும். பதிவு செய்த மருந்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். முகப்பூச்சு போன்றவற்றில் 'என்ஓடி' என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண் உண்மையானதா என்பதை மருந்துக்கடையில் மருந்தாளரிடம் விசாரிக்கலாம். விசிறி, இஸ்திரிப் பெட்டி, மின்செருகி ஆகியவற்றில் சிரிம், எரிசக்தி ஆணையம் இவற்றின் ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள். பால் டின்னையும் திருப்பிப் பாருங்கள். தேநீருக்கு ஊற்றும் டின்கள் பலவற்றில் 'கிரிமர் மானிஸ்' என்றுதான் எழுதியிருக்கும். அது செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த கலவை, கைக்குழந்தைக்குரிய பாலன்று. மலாய் எழுத்து உங்களுக்குச் சிரமமாக இருந்தால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, நம்முடைய கருத்தை நாம் சொல்ல வேண்டும். ஏமாந்ததை வெளியில் சொன்னால் வெட்கம் என்று மறைத்துவிடுகிறோம். நாம் மூடி வைத்த அந்த ஏமாற்றம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அதற்காகக் கடைக்காரரைத் திட்டித் தீர்க்க வேண்டுமென்பதில்லை. எந்த நாளில் வாங்கினோம், என்ன விலை, என்ன பழுது, கடையில் என்ன பதில் சொன்னார்கள் என்று நடந்ததை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் சொல்லுக்கு மதிப்பு.

சாதாரண மக்கள் இப்படிப் பேசத் தொடங்கியதால்தான் 1965ஆம் ஆண்டில் சிலாங்கூரில் பயனீட்டாளர் சங்கம் பிறந்தது. பிறகு பினாங்கிலும் ஒன்று தோன்றியது. எஸ். எம். முகமது இட்ரிஸ் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய அந்தப் பினாங்குச் சங்கம், தமிழிலும் பயனீட்டாளர் செய்திகளைக் கொண்டு சென்றது. 1999ஆம் ஆண்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். ஆனால் அங்கே நம் வாய்ச்சொல்லுக்குத் துணை நிற்பது ரசீதுதான். ஆகவே பிஸ்கட் டின் ஒன்றை ரசீதுகளுக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! கோயில் திருவிழாக் கூட்டத்திலும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். யார் என்ன வாங்கினார், அது எப்படி உழைக்கிறது என்று பேசுங்கள். ஒருவர் காசு கொடுத்துக் கற்ற பாடம் ஊருக்கே இலவசமாகக் கிடைக்கட்டும்.