சோறு நிறுத்திய எட்டு வாரம்

லூனாஸிலிருந்து வருகிறேன். நான் மருத்துவர் அல்ல, ஒரு பையனின் தாய். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மகனுக்குப் பத்து வயதில் வயிற்றுவலி தொடங்கியது. அடிக்கடி பேதி. கூடப் படித்தவர்கள் வளர்ந்தார்கள். இவனுக்கு இரண்டு வருடமாகப் பள்ளிச் சீருடை மாற்றவே இல்லை. கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மாமியார் கண்ணு பட்டிருக்கிறது என்று சுற்றிப் போட்டார். நான் மைலோவை நிறுத்தினேன், பாலை நிறுத்தினேன், அப்புறம் ரொட்டி சானாய், முட்டை, மீன். ஆளாளுக்கு ஒன்று சொல்ல, கடைசியில் தட்டில் ரசமும் சோறும்தான் மிஞ்சின. இன்னும் மெலிந்தான். அது என் தப்புதான்.

2016-இல் பினாங்கில் குழாய் விட்டுப் பார்த்தபோது 'குரோன்' நோய் என்றார்கள். குடல் அழற்சி. வெள்ளைக்காரர் நோய் என்று நினைத்தேன். ஆனால் 2015-இல் வெளிவந்த கிந்தா பள்ளத்தாக்கு ஆய்வில், இந்த வகை நோய்கள் நம் நாட்டின் மூன்று இனத்தவரில் இந்தியர்களிடமே அதிகம் என்று தெரிந்ததாம்.

ஸ்டீராய்டு கொடுப்பார்கள் என்று பயந்தேன். கொடுத்தது டின் மாவு! எட்டு வாரம் அதைக் கலக்கிக் குடிப்பது மட்டும்தான். சோறு, கறி, பிஸ்கட் எதுவும் கூடாது. பிள்ளைகளின் குரோன் நோயை அடக்குவதில் இது ஸ்டீராய்டுக்குச் சளைத்ததல்ல, வளர்ச்சியையும் கெடுக்காது. 2014-இல் ஐரோப்பிய வல்லுநர்கள் இதையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தார்கள் என்று டாக்டர் விளக்கினார். வேடிக்கை என்னவென்றால், அந்த மாவே பால் புரதத்தில் செய்தது.

நான்காம் வாரம் தீபாவளி. நாங்கள் எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை. அக்கம்பக்கத்து முறுக்கு வாசனையைத் தடுக்க முடியுமா? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "ஏன் அண்ணி, பிள்ளையைப் பட்டினி போடுறீங்க?" என்று நாத்தனார் கேட்டார். பதில் சொல்லவில்லை, அழுதேன். எட்டாம் வாரம் மூன்று கிலோ ஏறியிருந்தான்.

2019-இல் இஸ்ரேல், கனடா மருத்துவர்கள் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். பாதி மாவு, பாதி வீட்டுச் சாப்பாடு. கோதுமை, பால் பொருள், பாக்கெட் உணவு கூடாது. சோறு, கோழி, முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் உண்டு. 12-ஆம் வாரத்தில் நூற்றுக்கு 75 பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்கியிருந்தது. அன்றைக்கே அது இருந்திருந்தால் தீபாவளிக்கு ஒரு கை சோறாவது போட்டிருப்பேன்.

ஒன்று கவனியுங்கள். 'அல்சரேட்டிவ் கோலைடிஸ்' என்ற இன்னொரு குடல் அழற்சிக்கு இந்த மாவு பலன் தராது. என்ன நோய் என்று பார்க்காமல், என்னைப்போல் தட்டைக் காலி செய்யாதீர்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். என் மகன் இன்றும் சாப்பிடுகிறான், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பினாங்கு போய் வருகிறோம்.